சம்பந்திக்காகக் கழுவிய கார்

சம்பந்தி ஏறப்போகிறார் என்பதற்காகத்தான் அன்று காலை காரைக் கழுவக் கொடுத்தேன். வெளியே மட்டும் கழுவினால் போதாதா என்றால், போதும். ஆனால் எனக்கு எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாது. கழுவுகிற ஆள், "உள்ள இஞ்சினையும் அடிச்சு விடட்டுமா, புதுசு மாதிரி ஆயிடும்" என்று கேட்டான். அடி என்றேன். பானட்டைத் திறந்து குழாயை உள்ளே விட்டுப் பீய்ச்சி அடித்தான். சம்பந்தி என்ன பானட்டைத் திறந்தா பார்க்கப்போகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கழுவித்தான் இருப்பேன். பெண் கொடுத்த வீட்டுக்காரர்களுக்கு நம் வீட்டு அழுக்கு எந்த மூலையிலும் தெரிந்துவிடக் கூடாது என்பது என் கொள்கை.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். துணி வெட்டுவது, தைக்கிற பெண்களை மேய்ப்பது, வாடிக்கைக்காரர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் நானே. மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்தில் கத்தித் தீர்த்துவிட்டு, அடுத்த நிமிடமே எல்லோருக்கும் டீ சொல்வேன். கடையில் எனக்கு விசில் அக்கா என்று பெயர். அது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குக்கர் விசில் அடித்தால் உள்ளே சூடு இருக்கிறது, சத்தம் இல்லையென்றால் எல்லாம் சரியாக இருக்கிறது. உலகத்தை நான் அப்படித்தான் புரிந்துவைத்திருந்தேன்.

சம்பந்தி, அதாவது என் மருமகளின் அம்மா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பிறகு நானும் அவரும் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். ஒரு முறையாவது ஏதாவது பேசினோமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

முந்தின நாள் என் மகன் ஃபோன் செய்தான். வேலைக்காக வேறு ஊரில் மனைவியோடு இருக்கிறான். "நாங்க பிரிஞ்சுடலாம்னு இருக்கோம்மா. ரெண்டு அம்மாவும் சேந்து வாங்க. நேர்ல சொல்லிட்டு அப்புறம் வக்கீலைப் பாக்கறோம்" என்றான். சாயந்திரம் மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொன்னான். என்னடா காரணம் என்று கத்தினேன். "ஒண்ணும் இல்லம்மா, விடு" என்றான். சம்பந்தியின் வீட்டுக்காரர், பெண்கள் பேசினால்தான் இதெல்லாம் சரிப்படும் என்று நைசாகக் கழன்றுகொண்டார். எனக்கும் அதுதான் வசதி. இரண்டு பேரையும் உட்காரவைத்து, நறுக்கென்று நாலு வார்த்தை சொல்லி, சேர்த்துவைக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். என்ன சொல்வது என்பதைக் கடையில் துணி போட்டுப் பார்க்கிற கண்ணாடி முன்னால் நின்று பேசியும் பார்த்துவிட்டேன்.

காரில் ஏறியதிலிருந்து வழியெல்லாம் இந்தப் பேச்சுத்தான்.

"ஏசி போதுமா சம்பந்தி?"

"நல்லா இருக்கு சம்பந்தி."

"அதிகமா இருந்தா சொல்லுங்க, குறைக்கறேன்."

"ஐயோ வேண்டாம், நல்லா இருக்கு."

பிள்ளைகளைப் பற்றி நான் வாய் திறந்தால் அவர் பெண்ணைக் குறை சொன்னதாகிவிடும். அவர் திறந்தால் என் பையனைக் குறை சொன்னதாகிவிடும். அதனால் அவருடைய முழங்கால் வலியைப் பேசினோம், என் கடையில் ஆள் நிற்காததைப் பேசினோம், கதவெல்லாம் சாத்தி மரியாதையாகக் குளிர்ந்துகொண்டு போனோம்.

பாதி தூரத்துக்கு மேல் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் தோண்டிப்போட்டு, மறு பக்கத்தில் எல்லா வண்டிகளையும் திணித்திருந்தார்கள். நகர்வதும் நிற்பதுமாக ஊர்ந்தோம். நேரமாகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் பொருமல். முன்னால் நிற்கிற லாரியைத் திட்டலாம் என்றால் பக்கத்தில் சம்பந்தி. அப்போதுதான் பானட்டின் விளிம்பிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். எப்படியோ ஓரம் கட்டி, பூட்டியிருந்த ஒரு கிடங்கின் சுவரை ஒட்டி நிறுத்தி இஞ்சினை அணைத்தேன்.

அணைத்த கையோடு இறங்கி ஓடி பானட்டைத் தூக்கினேன். முகத்தில் ஆவி அடித்தது. உள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் இருக்கிறதா தீர்ந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான். கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கையை வைக்கப் போனேன். சம்பந்தி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அவருக்கு அத்தனை பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"தொடாதீங்க. திறந்தா கொதிக்கிற தண்ணி மூஞ்சியில அடிக்கும். வெந்து வந்தவங்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கேன்."

"சும்மா பாக்கத்தான் சம்பந்தி."

"பாக்கவும் வேண்டாம். ஆறட்டும்."

ஆறட்டுமாம். டீயும் ஆறும், புண்ணும் ஆறும், கோபமும் ஆறும், இப்போது இஞ்சினும் ஆறவேண்டும். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான் போலிருக்கிறது. எனக்கு மட்டும் அந்த மருந்து சிறு வயதிலிருந்தே ஒத்துக்கொள்வதில்லை. சூடாக இருக்கும்போதே குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஜாதி நான். அங்கே பிள்ளைகள் பிரிந்துகொண்டிருக்கிறார்கள், இங்கே நான் ஒரு சுவர் நிழலில் நின்று கார் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்றால் எப்படி. வழக்கமாகக் காரைப் பார்க்கும் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன். அவ்வளவு தூரம் வர முடியாது, பக்கத்தில் யாரையாவது பாருங்கள் என்றார். பக்கத்தில் இருந்ததெல்லாம் தோண்டிய மண்ணும் பூட்டிய கிடங்கும்தான்.

சம்பந்தி கிடங்கின் படியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். பிறகு, வார்டில் புதிதாக வந்து படுத்த நோயாளியிடம் கேட்பது போல ஆரம்பித்தார்.

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"இல்ல."

"வேகமா ஓடும்போது சூடாச்சா, நிக்கும்போதா?"

"யாருக்குத் தெரியும். நான் ரோட்டைப் பாப்பேனா, மீட்டரைப் பாப்பேனா."

"நிக்கும்போதுதான்" என்றார் சம்பந்தி.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கொஞ்சம் மென்று விழுங்கினார். "பாத்துட்டே வந்தேன். வண்டி நின்னா சூடு காட்டற முள்ளு ஏறிச்சு. நகந்தா இறங்கிச்சு. மறுபடி நின்னதும் ஏறிச்சு. ஏசியும் நிக்கிறப்பல்லாம் சூடாத்தான் வந்துச்சு."

"பாத்துட்டே வந்தீங்களா?"

"ஆமா."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"உங்க வண்டி. உங்களுக்குத் தெரியாததா. நான் சொன்னா வண்டியைக் குறை சொன்ன மாதிரி இருக்குமேன்னு நினைச்சேன். நீங்க எனக்காக ஏசி வேற போட்டிருந்தீங்க."

என் விசில் அடித்துவிட்டது. "இஞ்சின் வெடிச்சாலும் மரியாதையா உக்காந்திருப்பீங்களா சம்பந்தி?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் யாரிடம் கத்தினோம் என்று உறைத்தது. அந்த உறவில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. சம்பந்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். "வெடிச்சிருந்தாலும் நல்லா இருக்கு சம்பந்தின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். இத்தனை நாளும் நாங்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் புன்னகைத்துத்தான் இருக்கிறோம், சிரித்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சிரித்து முடித்துவிட்டு அவர் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டார். "ஓடும்போது காத்து தானா அடிக்குது, சரி. நிக்கும்போது காத்தை யார் குடுப்பா?"

"ஃபேன். ரேடியேட்டருக்குப் பின்னாடி ஒரு ஃபேன் இருக்கு."

"நேத்து வரைக்கும் அது நல்லா இருந்துச்சு. இன்னைக்கு என்ன ஆச்சு? புதுசா ஏதாவது குடுத்தீங்களா? நாங்க முதல்ல இதைத்தான் கேப்போம்."

"புதுசா என்ன குடுக்கறது, வழக்கமான பெட்ரோல்தான்" என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டேன். என் முகத்தில் அசடு வழிந்திருக்கவேண்டும்.

"என்ன?"

"குளிப்பாட்டினேன்."

"யாரை?"

"இஞ்சினை. இன்னைக்குக் காலையில."

"இஞ்சினைப் போய் யாராவது குளிப்பாட்டுவாங்களா? எதுக்கு?"

"நீங்க வர்றீங்களேன்னுதான்."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. என் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தார்.

இஞ்சின் தொடுகிற சூட்டுக்கு வந்த பிறகு, துணியை மடித்துப் போட்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். புஸ்ஸென்று மீதி ஆவி போனது. தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை மெதுவாக ஊற்றி நிரப்பினோம். கீழே எங்கும் ஒழுகவில்லை. ஏறி ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டேன். சம்பந்தி முன்னால் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஃபேன் சுற்றவில்லை.

இஞ்சினை அணைத்துவிட்டு, ஃபேனுக்குப் போகிற வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போனேன். நூல் எங்கே சிக்கியது என்று தேடுவது எனக்குப் பழக்கம்தானே. வயர் ஒரு பிளக்கில் போய்ச் சேர்ந்தது. இழுத்துப் பிரித்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். காலையில் அடித்த தண்ணீர்தான், போக வழியில்லாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சம்பந்தி பையிலிருந்து பஞ்சை எடுத்து, குழந்தையின் காதைத் துடைப்பது போல அதைத் துடைத்தார். பிறகு வெயிலில் காட்டி, வாயால் ஊதி, மறுபடியும் துடைத்தார். மாட்டியும் ஃபேன் சுற்றவில்லை.

"ஃப்யூஸ் போயிருக்கும்" என்றேன். கடையில் தையல் மெஷின் மோட்டார் நனைந்தாலும் முதலில் போவது அதுதான். பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தேன். எது எதற்கு என்று மூடியின் உட்பக்கத்தில் படம் போட்டிருந்தது. ஃபேனுடையதைச் சம்பந்தி முள் பிடுங்குகிற சாமணத்தால் பிடித்து இழுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே இருந்த கம்பி கருகி அறுந்திருந்தது. மாற்றுக்கு வேறு ஃப்யூஸ் இல்லை. அதே அளவு வேண்டும் என்றால் அதே நிறத்தில் இருப்பதைத்தான் எடுக்கவேண்டும். நிறம் சேர்ப்பது என் தொழில். பச்சைக்குப் பச்சை தேடினேன். பெட்டியில் இன்னும் ஒரே ஒரு பச்சைதான் இருந்தது. அது காருக்குள் ஏசிக் காற்றைத் தள்ளுகிற மோட்டாருடையது.

"இதை எடுத்தா உள்ள காத்து வராது சம்பந்தி. ஊர் போற வரைக்கும் வேக்காடுதான்" என்றேன்.

"எடுங்க. இஞ்சினுக்குக் காத்து முக்கியம்."

எடுத்துப் போட்டேன். ஸ்டார்ட் செய்து காத்திருந்தோம். முள் நடுவைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அப்போது முன்னால் ஃபேன் பெரிதாக இரைந்துகொண்டு சுற்ற ஆரம்பித்தது. முள் மெல்ல இறங்கியது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பெருமூச்சு விட்டோம்.

அதன் பிறகு நான்கு ஜன்னல்களையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டினேன். நெரிசலைத் தாண்டியதும் வேகம் பிடித்தது. காற்று உள்ளே புகுந்து எங்கள் இரண்டு பேர் தலையையும் கலைத்துப் போட்டது. பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை.

சம்பந்தி ஏதோ சொன்னார்.

"என்ன?"

"எனக்குத் தெரியும்னேன்."

"என்ன தெரியும்? காத்துல கேக்கலை."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். "பிள்ளைங்க விஷயம். போன வருஷமே எனக்குத் தெரியும். எம்பொண்ணு வந்து சொன்னா. நான்தான் கொஞ்சம் ஆறப்போடு, எல்லாம் சரியாயிடும்னு சொல்லி அனுப்பினேன். உங்ககிட்டச் சொன்னா உங்க பையனைக் குறை சொன்ன மாதிரி ஆயிடும்னு வாயைப் பூட்டிக்கிட்டேன்."

முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார், ஒரு வருஷமாக. எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்டியரிங்கைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஆனால் கேட்கவேண்டியதைத்தான் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் நடுவுல அப்படி என்ன சண்டை?"

"சண்டையே இல்லையாம். அதுதான் அவ சொன்ன குறை. எது கேட்டாலும் பரவாயில்லைங்கறாராம். அவளா ஏதாவது தப்புப் பண்ணாலும் பரவாயில்லை. அவ உக்காந்து அழுதாலும் பரவாயில்லை விடுன்னுட்டு அடுத்த ரூமுக்குப் போயிடறாராம். கோபம் இருக்கு, ஆனா வெளிய வராதாம். சுவரோட குடும்பம் நடத்தற மாதிரி இருக்கும்மான்னா."

அந்தப் பரவாயில்லை எங்கள் வீட்டு வார்த்தை. என் கணவர் கடைசி வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். குழம்பில் உப்பு இல்லையா, பரவாயில்லை. நான் கத்திவிட்டேனா, பரவாயில்லை. அவர் போனபோது வந்தவர்களெல்லாம் இப்படிப் பொறுமையான மனுஷனைப் பார்த்ததில்லை என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டில் ஒருத்தி விசில் அடித்துக்கொண்டே இருந்தால் மற்றவர்கள் தங்கள் சூட்டை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. அப்போதும் யோசிக்கப் பிடிக்கவில்லை. முன்னால் யாரும் இல்லாத சாலையில் ஒருமுறை ஹாரன் அடித்தேன்.

"நான் கத்தறவ. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

சம்பந்தி கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஆற விட்டது தப்பில்ல. ஆறினப்புறம் திறந்து பாத்திருக்கணும். நான் அப்படியே விட்டுட்டேன்" என்றார். அதற்குப் பிறகு இன்னும் சத்தமாக, காற்றோடு போட்டி போடுகிறவர் மாதிரி, "ஒண்ணு கேக்கறேன். அவங்க பிரிஞ்சுட்டா நான் உங்களை என்னன்னு கூப்பிடறது?" என்றார்.

எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் சேர்ந்திருக்கிற வரைதான் நாங்கள் சம்பந்தி. பிரிந்துவிட்டால் எங்களுக்கு ஒரு வார்த்தை கூட மிச்சமில்லை. சற்றுமுன் ஒரு கிடங்கு வாசலில் ஒன்றாகச் சிரித்தவர்கள் யாரோ இரண்டு பெண்கள் ஆகிவிடுவோம். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். தூசி என்று சொல்லலாம் என்று பார்த்தேன், அவர் எதுவும் கேட்கவில்லை.

போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மகன்தான் கதவைத் திறந்தான். கலைந்த தலையும் கறுத்த கைகளுமாக நின்ற எங்களைப் பார்த்துத் திகைத்தான். மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அம்மாவின் பக்கத்திலும் உட்காராமல் அவன் பக்கத்திலும் உட்காராமல் சமையலறை வாசலில் நின்றுகொண்டாள்.

"ஏம்மா இவ்வளவு நேரம்?"

"கார் சூடாகி நின்னுடுச்சு. ஃபோன் கூடப் பண்ணலை. காத்துட்டே இருந்தியா? கோபமா?"

"பரவாயில்லம்மா."

அந்தச் சொல் விழுந்ததும் மருமகளின் பார்வை தரைக்குப் போனது. நான் பார்த்தேன். இதற்கு முன்னாலும் எத்தனையோ முறை அந்தச் சொல்லுக்கு அவள் அப்படிக் குனிந்திருப்பாள். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்த நாலு வார்த்தையும் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. அவற்றை விழுங்கிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சம்பந்தியும் எனக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"எப்ப இருந்துடா?" என்று கேட்டேன்.

"என்னது?"

"இந்தப் பரவாயில்லை."

அவன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னடா வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. அந்த நிமிடம் சம்பந்தியின் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. மதியம் பிடித்த அதே பிடி.

"சின்ன வயசுல இருந்தே" என்றான் மகன். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னா நீ கத்தி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். நீ முடிக்கிறதுக்குள்ள நான் என்ன சொல்ல வந்தேன்னே எனக்கு மறந்துடும். பரவாயில்லைன்னா உடனே முடிஞ்சுடும். அப்பாவும் அதைத்தான் பண்ணாரு." அவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. அவனுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. திரும்பி மருமகளைப் பார்த்தான். "நீ கத்துனதே இல்ல. உங்கிட்ட நான் சொல்லியிருக்கலாம். ஆனா எனக்கு வேற எதுவும் பேசத் தெரியலை. போன வருஷம் நீ என்னைக் கேக்காம உன் வேலையை விட்டப்ப எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா?"

"தெரியாது" என்றாள் மருமகள். "நீ சொல்லவே இல்லையே." வாசலை விட்டு வந்து அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "இப்பச் சொல்லு."

அவன் சொல்ல ஆரம்பித்தான். அதில் பாதி அவளுக்கு, பாதி எனக்கு. அவளும் சொன்னாள், அழுதுகொண்டே, குரலை உயர்த்தி. அவர்கள் சேர்வார்களா பிரிவார்களா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்காக நான் பட்ட பாடு தெரியுமா, கத்தினாலும் உன்னை யார் வளர்த்தது என்று ஆயிரம் பதில் என் தொண்டை வரைக்கும் ஏறி ஏறி வந்தது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் மணிக்கட்டில் இருந்த பிடி இறுகியது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.